தாத்தாவின் ஊரைக் கவுண்டரில் கேட்கலாமா?

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று சாமி கும்பிட, மற்றொன்று கல்யாணப் பட்டு எடுக்க. ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்திலும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளிலும் மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, கனடா என்று பல நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். இவர்கள் எல்லோரும் ஊருக்குள் வருமுன் ஒரு இமிகிரேஷன் கவுண்டரைத் தாண்டியாக வேண்டும். இன்று அது சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்கிறது. நிலம் பறிபோகும் ஏகனாபுரம் போன்ற ஊர்களின் எதிர்ப்புக்கு நடுவே, 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டம் நிறைவேறினால், நாளை அது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும். முகமும் பெயரும் தமிழ், பாஸ்போர்ட் வேறு நாடு என்று ஒருவர் வந்து நின்றால் எழக்கூடிய கேள்விகள் நமக்குத் தெரியும். பூர்வீகம் எது, அப்பா எந்த ஊர், தாத்தா எப்போது கப்பலேறினார்? சில நேரம் அது உறவு விசாரிக்கும் குரலில் வரும், சில நேரம் சந்தேகக் குரலில். கேட்பவர் கையில் முத்திரை இருப்பதால், எந்தக் குரலில் வந்தாலும் பதில் சொல்பவருக்கு அது விசாரணைதான்.

இந்தக் கேள்வியே தவறு என்று சொல்லிவிட முடியாது. இந்தியா உட்படப் பல நாடுகளின் சட்டங்கள் சில உரிமைகளைப் பரம்பரையோடு கட்டி வைத்திருக்கின்றன. அந்த உரிமையைக் கேட்பவரிடம் அதற்கான ஆதாரத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். என் வாதம், அதை எங்கே, எப்படிக் கேட்க வேண்டும் என்பது பற்றியது. ஒருவருடைய முன்னோர் யார் என்பதை ஓர் அலுவலகத்தில், எழுத்து மூலமாக, ஆவணம் தேட அவகாசம் தந்து, மறுத்தால் காரணம் சொல்லி, மேல்முறையீட்டுக்கு வழி வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் வரிசை நிற்க, இரண்டு நிமிடத்தில், ஓர் அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டு, விமான நிலையக் கவுண்டரில் தீர்மானிக்கக் கூடாது. கவுண்டரில் கேட்க வேண்டியது ‘நீங்கள் யார்’ என்பது மட்டுமே.

கவுண்டரின் வேலை

இந்தியாவில் பாஸ்போர்ட்டை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது. விமான நிலையத்தில் அதைச் சரிபார்ப்பது உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடியேற்றப் பணியகம். சரிபார்ப்பவர் முடிவு செய்ய வேண்டியவை அடிப்படையில் மூன்று. இந்த ஆவணம் உண்மையானதா? இதைக் கொண்டு வந்தவரும் இதில் இருப்பவரும் ஒருவர்தானா? இவர் உள்ளே வரவோ வெளியே போகவோ விசா முதலிய அனுமதி இருக்கிறதா, நீதிமன்றத் தடையோ தேடப்படுவோர் அறிவிப்போ உண்டா? இந்த மூன்றில் எதற்கும் தாத்தா தேவையில்லை. உலகம் முழுவதும் இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டின் அடியில், வரிக்கு 44 எழுத்தாக, இரண்டு வரிகள் இருக்கும். பெயர், குடியுரிமை, பிறந்த நாள், பாலினம், பாஸ்போர்ட் எண், காலாவதி நாள் ஆகியவை அதில் உண்டு. பெற்றோர் பெயர் இல்லை. நாடுகள் கூடி வகுத்த பொது அளவுகோலே, ஒருவரை அடையாளம் காண அவருடைய பரம்பரை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது.

நம் அரசும் அந்தத் திசையில்தான் நடந்து வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் தளர்த்தப்பட்டபோது, விண்ணப்பத்தில் தந்தை, தாய், சட்டப்படியான காப்பாளர் என யாராவது ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்று வந்தது. தனித்து வாழும் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அது பெரிய நிம்மதி. துறவிகள் பெற்றோர் பெயருக்குப் பதிலாகக் குருவின் பெயரைத் தரவும் அதே விதிகள் இடம் கொடுத்தன. 2024 ஜூனில் டெல்லியிலும் 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் விரைவு இமிகிரேஷன் திட்டம் வந்தது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே பதிவு செய்து, பின்னணிச் சோதனை முடிந்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால், விமான நிலையத்தில் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடலாம். அந்தக் கதவு பூர்வீகம் கேட்பதில்லை. ஆராய வேண்டியதை முன்பே ஆராய்ந்துவிட்டு, எல்லையில் ஆளை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று அரசே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தில் பரம்பரை நுழைந்த கதை

அப்படியானால் பரம்பரைக் கேள்வி எங்கிருந்து வருகிறது? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் பார்த்தால் புரியும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வி அங்கே இல்லை. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தால் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். பிறந்த மண் தந்த உரிமை, ஐம்பது ஆண்டுகளில் படிப்படியாகப் பெற்றோர் தரும் உரிமையாக மாறிவிட்டது.

இந்தத் தேதிகள் மனிதர்களை எப்படிப் பிரிக்கின்றன என்பதற்கு மண்டபம் முகாம் சாட்சி. இலங்கையிலிருந்து வந்த அகதிப் பெற்றோருக்கு 1986-இல் அங்கே பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டபோது, பெற்றோர் அகதிகள் என்பதால் மறுக்கப்பட்டார். அவர் 1987-க்கு முன் பிறந்தவர், எனவே சட்டப்படி இந்தியக் குடிமகள் என்று சொல்லி, பாஸ்போர்ட் வழங்கும்படி 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். சட்டம் தெளிவாக இருந்தும், அதிகாரியின் கண் பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பெற்றோரின் மீதே விழுந்தது. அவரைக் காப்பாற்றியது எது? மறுப்பு எழுத்தில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போக ஒரு நீதிமன்றம் இருந்தது. இதே மறுப்பு ஒரு கவுண்டரில் வாய்மொழியாக நடந்திருந்தால் அது பதிவாகாமலே போயிருக்கும். அவருக்கு 1988-இல் ஒரு தம்பி பிறந்திருந்தால், அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்த அவன் குடிமகன் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தமிழருக்கு இதே பரம்பரை இன்னொரு முகம் காட்டுகிறது. இந்தியக் குடிமகனாக இருந்தவர், 1950-இல் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அவர்களுடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை ஓசிஐ அட்டை பெறலாம். மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரையும், டிரினிடாட்டில் ஆறாம் தலைமுறை வரையும் இந்த வாய்ப்பு நீட்டப்படும் என்று 2024-இலும் 2025-இலும் அறிவிப்புகள் வந்தன. ஆனால் விண்ணப்பிப்பவரோ, அவருடைய பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, கொள்ளுத்தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் அட்டை கிடையாது. சாதாரண விசா விண்ணப்பத்திலும், தாய்வழி, தந்தைவழித் தாத்தா பாட்டிகள் பாகிஸ்தானியரா என்ற கேள்வி உண்டு. 1930-இல் லாகூரில் பிறந்தவர் பிறந்தது பிரிக்கப்படாத இந்தியாவில். 1947-இல் கோடு அவருடைய ஊரைத் தாண்டி விழுந்ததால், லண்டனில் பிறந்த அவருடைய பேத்தி இன்று அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டை வரைந்தது அவளுமல்ல, அவருமல்ல.

காகிதமும் காலமும்

பரம்பரையை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. காஞ்சியைச் சேர்ந்த ஒருவர் போயிருந்தால் அவருடைய ஜில்லாவாகப் பதிந்திருப்பது செங்கல்பட்டு. அந்த மாவட்டம் பின்னால் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமானது. 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாக வெளியேறியது. அன்று சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருத்தணி ஆந்திரத்துக்குப் போய் 1960-இல் திரும்பி வந்தது. ஆங்கிலேய எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி எழுதிய ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு, ஐந்தாம் தலைமுறைப் பேரன் ‘எங்கள் பூர்வீகம் செங்கல்பட்டு’ என்கிறான். இன்றைய வரைபடத்தில் அவன் சொல்வது வேறொரு மாவட்டம். அவன் பொய் சொல்லவில்லை, நிலம் பெயர் மாறிவிட்டது. ஓர் ஆவணக் காப்பகத்தில் இதை ஒரே நாளில் தெளிவுபடுத்தலாம். கவுண்டரில் இது முரண்பட்ட பதிலாகப் பதிவாகும். கங்காணிகளின் கீழ் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கும்பலாகப் போனவர்களின் சந்ததிக்கு அந்த அளவுப் பதிவேடுகூட இல்லை.

பரம்பரைக் கேள்வி ஒரு சமூகத்தையே என்ன செய்யும் என்பதற்கு மலையகத் தமிழரின் வரலாற்றைவிடக் கொடிய எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தவரிடமே, உன் தந்தை இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் தந்தைவழித் தாத்தாவும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. தாய்வழி கணக்கில் வரவில்லை. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத தேயிலைத் தோட்ட லயன்களில் வாழ்ந்தவர்களால் அதை எப்படி நிரூபிக்க முடியும்? தலைமுறைகளாக அந்த நாட்டின் ஏற்றுமதியைத் தோளில் சுமந்த பல லட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டு அந்தத் தொகைகள் நிர்ணயிக்கப்படவில்லை. எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. கொள்ளுத்தாத்தா பிறந்த ஊரைப் பற்றிய ஒரே கேள்விக்கு விலையாக ஐம்பத்தைந்து ஆண்டுகள் போயின.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பு தங்கள் முன்னோர் அங்கே இருந்ததையும், அந்த முன்னோரோடு தங்களுக்கு உள்ள உறவையும் காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது. பெயரில் ஓரெழுத்து மாறியிருந்ததுகூடச் சிக்கலானது. பிரிட்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து பிள்ளைப் பருவத்தில் சட்டப்படி வந்தவர்கள், பல பத்தாண்டு வாழ்க்கைக்குப் பிறகு, வந்ததற்கு ஆதாரம் கேட்கப்பட்டார்கள். வேலையையும் மருத்துவ உதவியையும் இழந்தார்கள், சிலர் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருகைச் சீட்டுகளை உள்துறை 2010-இல் அழித்துவிட்டிருந்தது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆதாரத்தை வைத்திருக்க வேண்டிய அரசு அதைத் தொலைத்துவிட்டு, குடிமகனிடம் கேட்டது. இந்தியாவிலும், வெளிநாட்டவரா என்ற கேள்வி எழுந்தால் நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்டவர் மீதே என்று 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. பொறுப்பு இவ்வளவு பாரமாக இருக்கும்போது, அதைச் சுமக்கும் இடமாவது நியாயமானதாக இருக்க வேண்டும்.

பிராகாவில் எண்கள் சொன்னது

கவுண்டரில் பரம்பரையைப் பார்த்துக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதை எண்களோடு அளந்து பார்த்த வழக்கு ஒன்று உண்டு. 2001 ஜூலையில், செக் நாட்டு ரோமா மக்கள் அடைக்கலம் கேட்டு வருவதைத் தடுக்க, பிரிட்டன் தன் இமிகிரேஷன் அதிகாரிகளைப் பிராகா விமான நிலையத்திலேயே உட்கார வைத்தது. எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று அரசு சொன்னது. 2002 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு ரோமா உரிமை அமைப்பு கண்காணித்ததில், ரோமா அல்லாத 6,170 பேரில் 14 பேர் மட்டுமே தடுக்கப்பட்டார்கள். ரோமாக்கள் 78 பேரில் 68 பேர் தடுக்கப்பட்டார்கள். அவர்களிடம் கேள்விகள் நீண்டன, பதில்கள் நம்பப்படவில்லை. 2004 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நீதிபதிகள் இது நேரடியான இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தார்கள். ரோமாக்களில் அடைக்கலம் கேட்பவர்கள் அதிகம் என்ற பொதுக்கணக்கு உண்மையாகவே இருந்தாலும், அந்தக் கணக்கை வைத்து எதிரே நிற்கும் தனி மனிதரைச் சந்தேகிக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2023 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றமும், சோதனைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க எல்லைக் காவல் படை இனத்தோற்றத்தை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. பிராகாவில் அந்த அதிகாரிகள் தனிப்பட்ட முறையில் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவசரமும், தனித்த அதிகாரமும், பரம்பரை பற்றிய முன்முடிவும் ஒரே மேசையில் கூடினால் பாகுபாடு தானாகவே விளையும்.

காஞ்சி தரும் சான்று

பரம்பரையை எப்படி விசாரிப்பது என்பதற்குக் காஞ்சிபுரத்திலேயே கல்லில் ஒரு பாடம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தான். ஊர்ப் பெரியவர்களும் அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் வந்த இரணியவர்மனைத் தேடிப் போனார்கள். அவனுடைய மூத்த மகன்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைசி மகன் பல்லவமல்லன் ஒப்புக்கொண்டு, மலையும் காடும் ஆறும் கடந்து காஞ்சிக்கு வந்து நந்திவர்மனாக முடிசூடினான். வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் இந்த வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டு, சிற்பங்களுக்குக் கீழே எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பீமவர்மன் தொடங்கிப் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என்று அவனுடைய முன்னோர் பெயர்களைக் காசக்குடிச் செப்பேடும் சொல்கிறது. அரச உரிமை பரம்பரையால் வருவது, எனவே பரம்பரையை ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்கள் ஒரு குழு. ஆராய்ந்தது அவன் இருக்கும் இடத்துக்குப் போய். முடிவை ஊரறியப் பதிவும் செய்தார்கள். அவன் வந்து சேர்ந்தபோது கோட்டை வாசலில் அவனுக்குக் கிடைத்தது வரவேற்பு. அரசகுலத்துக்குக் கிடைத்த அந்த முறையான விசாரணை, ஜனநாயகத்தில் சாதாரணப் பயணிக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஊரின் தறிகளும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. காஞ்சியில் பட்டு நெய்தவர்களில் தமிழ் பேசும் செங்குந்தர் உண்டு, தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகக் கொண்ட தேவாங்கர், பத்மசாலியர் உண்டு, சௌராஷ்டிர மொழி பேசுவோரும் உண்டு. தங்கள் முன்னோர் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வரும் குடும்பங்கள் அவற்றில் பல. பூர்வீகம் கேட்டால் ஒரே தெருவில் நான்கு விடை வரும். ஆனால் அந்த நான்கு வீட்டிலும் நெய்வது காஞ்சிப் பட்டுதான். அதற்குப் புவிசார் குறியீடு தந்தபோது சட்டமும் அப்படித்தான் பார்த்தது. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. எந்த ஊரில், எந்த முறையில் நெய்யப்பட்டது என்பதே அந்தப் புடவையின் அடையாளத்தை முடிவு செய்தது. இழை பிறந்த இடத்தை வைத்துப் புடவையை நிராகரிக்காத நாம், மனிதர்களிடம் மட்டும் இழையைப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

எதிர்வாதங்கள்

பாதுகாப்பு என்பது முதல் ஆட்சேபம். எல்லையில் கடுமை காட்டாவிட்டால் பயங்கரவாதிகள் நுழைந்துவிடுவார்கள் என்கிறார்கள். எல்லையில் கடுமை வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பரம்பரை ஒருவர் செய்த செயலுக்கு ஆதாரம் ஆகாது. விமானம் கிளம்புமுன்பே பயணிகள் பட்டியல் அனுப்பப்படுகிறது, தேடப்படுவோர் பட்டியல் இருக்கிறது, கைரேகை இருக்கிறது. இவை ஒருவருடைய நடத்தையையும் அடையாளத்தையும் பார்க்கின்றன. இஸ்ரேலை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் உண்டு. அரபு வம்சாவளி அமெரிக்கர்கள் அங்கே நீண்ட கூடுதல் விசாரணைக்கு உள்ளாகலாம் என்று நட்பு நாடான அமெரிக்காவின் வெளியுறவுத் துறையே தன் குடிமக்களுக்கு அறிவுரை தந்திருக்கிறது. பரம்பரையை வடிகட்டியாக வைத்தால், ‘சரியான’ தாத்தா உள்ளவர் போலி விசாவோடு எளிதாகக் கடப்பார், ‘தவறான’ தாத்தா உள்ளவர் நல்ல விசாவோடு உட்கார வைக்கப்படுவார். அதிகாரியின் நேரம் அளவானது. ஆள் கடத்தலையும் போலி ஆவணத்தையும் பிடிக்க வேண்டிய நிமிடங்கள் குலமுறை கிளத்துவதில் கழிவது பாதுகாப்புக்கே நட்டம்.

மறைக்க ஒன்றுமில்லாதவர் பதில் சொல்லிவிட்டுப் போகலாமே என்பது இரண்டாவது. இங்கே பிரச்சினை மறைப்பதில் இல்லை, தெரியாததில் இருக்கிறது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும், போரில் குடும்பத்தை இழந்தவருக்கும், தந்தை யாரென்று சொல்லப்படாமல் வளர்ந்தவருக்கும், ஐந்தாம் தலைமுறையில் தமிழ் பேச்சே நின்றுபோன டர்பன்வாசிக்கும் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ‘தெரியாது’ என்பதே. கவுண்டரில் அந்தப் பதில் மழுப்பலாகத் தோன்றும். கேள்வி எளிதாக இருப்பது பரம்பரை காகிதத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும். அப்படிப்பட்ட காகிதம் வசதியோடும் சாதியோடும் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதை நம் சமூகத்தில் யாரும் மறுக்க முடியாது.

வெளிநாட்டவரை அனுமதிப்பதும் மறுப்பதும் இறையாண்மை என்பது மூன்றாவது, வலுவான ஆட்சேபம். வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்கு உள்ள அதிகாரம் மிக விரிவானது என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது உண்மை. ஆனால் அரசமைப்பின் 14-ஆம், 21-ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும். பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில் 1978-இல் அதே நீதிமன்றம், நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று நிலைநாட்டியது. அதிகாரம் விரிவாக இருப்பதே அதன் நடைமுறை ஒழுங்காக இருக்க வேண்டியதற்குக் காரணம்.

பரம்பரையைச் சொல்லி ஓசிஐ சலுகை வாங்குபவர்கள், பரம்பரையைக் கேட்டால் ஏன் கோபப்பட வேண்டும் என்பது நான்காவது. நியாயமான கேள்விதான். சலுகை கேட்பவர் ஆதாரம் தர வேண்டும். ஆனால் அந்த ஆதாரத்தைத் தூதரகம் ஆராய்ந்து அட்டை வழங்கிய பிறகு அந்த விசாரணை முடிந்துவிட்டது. ஒவ்வொரு பயணத்திலும் அதை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அட்டையில் ஐயம் இருந்தால் அதை ரத்து செய்ய அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு நடக்கும் சட்ட வழி இருக்கிறது. மொரீஷியஸில் ஏழு தலைமுறைக்குக் கதவைத் திறக்க எண்ண முடிந்தது, அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான். ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலையைக் கவுண்டர் செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. கவுண்டரில் கேட்கக்கூடிய கேள்விகள் ஆவணம், பயண நோக்கம், தங்குமிடம் ஆகியவற்றோடு நிற்க வேண்டும் என்று எழுத்து மூலமான விதி வேண்டும். மேல்விசாரணை தேவைப்பட்டால் தனி அறையில், பயணிக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும். சென்னையில் தமிழ் தெரிந்த அதிகாரி இருப்பது இதன் குறைந்தபட்ச அளவு. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். யாரிடம் எத்தனை முறை மேல்விசாரணை நடந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும், ஏனென்றால் பிராகாவில் உண்மையை வெளியே கொண்டுவந்தது அந்தக் கணக்குதான். தமிழகத்திலிருந்து வெளியேறியவர்களின் கப்பல் பதிவேடுகளையும் மண்டபம் முகாமின் பழைய பதிவுகளையும், பழைய ஜில்லா, தாலுகாப் பெயர்களுக்கு இணையான இன்றைய பெயர்களோடு, தேடக்கூடிய வடிவில் வெளியிடும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்கலாம். அரசுக்கு ஆதாரம் கேட்கும் உரிமையோடு ஆதாரத்தைப் பாதுகாக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பயணிகள் தங்கள் பங்குக்கு, பெற்றோர், தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணச் சான்றுகளின் நகலையும் பெயர் மாற்றம் நடந்திருந்தால் அதற்கான சான்றையும் வைத்துக்கொள்வது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே ஊகித்துச் சொல்வதைவிடப் பாதுகாப்பானது.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அவர்களுடைய குடியுரிமைக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. என்றாலும் தலைமுறைகளாகச் சேர்ந்துபோன ஒரு சிக்கலை உத்தரவு ஒன்றில், தேதி குறித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி தீர்க்க அரசால் முடியும் என்பதை அது காட்டுகிறது. யாரும் தங்கள் தாத்தாவைத் தேர்ந்தெடுத்துப் பிறப்பதில்லை. அவர் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தார் என்பதைக்கூடப் பெரும்பாலும் அரசுகளே முடிவு செய்தன. தான் வரைந்த கோட்டுக்குப் பேரப்பிள்ளைகளிடம் விளக்கம் கேட்கும் அரசு, குறைந்தபட்சம் அதை அவர்கள் பதில் சொல்லக்கூடிய இடத்தில், பதிலை எடைபோடக்கூடிய முறையில் கேட்க வேண்டும். அதற்கான இடம் விமான நிலையக் கவுண்டர் அல்ல.